மூன்று எண்களில் பிழைத்த கிளப்: வான்ஃபோரே கோஃபுவும் யமனாஷி மாகாணமும்

2001ஆம் ஆண்டின் ஆட்டப் பருவம் தொடங்குமுன், ஜப்பானின் யமனாஷி மாகாணத்தைச் சேர்ந்த ஒரு கால்பந்துக் கிளப்புக்கு அதன் பெரிய பங்குதாரர்கள் மூன்று நிபந்தனைகள் விதித்தார்கள். சொந்த மைதானத்தில் நடக்கும் ஆட்டங்களுக்குச் சராசரியாக 3,000 பேர் வர வேண்டும். ரசிகர் சங்கத்தில் 5,000 பேர் உறுப்பினர்களாகச் சேர வேண்டும். விளம்பர வருவாய் 5 கோடி யென்னைத் தொட வேண்டும். இவை நிறைவேறினால் கிளப் தொடரும். இல்லையென்றால் அந்த ஆண்டோடு கடை கட்டிவிடுவது என்று பேச்சு.

அந்தக் கிளப்பின் பெயர் வான்ஃபோரே கோஃபு. 2022 அக்டோபரில், இரண்டாம் அடுக்கு லீகில் 22 அணிகளில் 18ஆவது இடத்துக்குத் தள்ளப்பட்ட பருவத்தில், இதே கிளப் ஜப்பானின் மிகப் பழைய கால்பந்துப் போட்டியான பேரரசர் கோப்பையை வென்றது. உலகம் அந்த வெற்றியைத்தான் அறியும். அதை அதிசயம் என்று எழுதிவிட்டுப் போவதும் சுலபம். ஆனால் கோஃபுவின் வரலாற்றைக் கொஞ்சம் பின்னோக்கிப் படித்தால், கோப்பையைவிடப் பெரிய நிகழ்ச்சி 2001இல் நடந்ததாகத் தோன்றுகிறது. பெரிய முதலாளி இல்லாத ஒரு கிளப், தன்னை ஊருக்குத் தேவையான பொதுச் சொத்தாக அந்த ஒரே ஆண்டில் எண்களால் நிரூபிக்க வேண்டியிருந்தது. எப்படி நிரூபித்தது, அதற்கு அந்த மண் எப்படி உதவியது, அந்த வழியின் எல்லை எது என்பவையே இக்கட்டுரையின் கேள்விகள்.

மலை சூழ்ந்த மாகாணம்

யமனாஷிக்குக் கடல் இல்லை. தெற்கே ஃபுஜி மலை, மேற்கே தெற்கு ஆல்ப்ஸ் தொடர், நடுவில் ஒரு கிண்ணம் போன்ற சமவெளி. அந்தச் சமவெளியில் இருக்கிறது தலைநகர் கோஃபு. மாகாணத்தின் மக்கள்தொகை ஏறத்தாழ 8 லட்சம். கோஃபு நகரத்தில் 2 லட்சத்துக்கும் சற்றுக் குறைவு. ஜப்பானின் மாகாணங்களில் மக்கள்தொகை குறைந்தவற்றின் வரிசையில்தான் இதற்கு இடம். திராட்சையிலும் பீச் பழத்திலும் நாட்டிலேயே முதலிடம். 1877இல் கட்சுனுமா பகுதியிலிருந்து இரண்டு இளைஞர்களை ஒயின் தயாரிப்பு கற்றுவரப் பிரான்சுக்கு அனுப்பிய ஊர் இது. படிகக்கல் செதுக்கலில் தொடங்கிய நகைத் தொழிலும் இங்கே பழையது.

போர்க்காலத்தில் இந்த நிலத்தை ஆண்டவர் டக்கேடா ஷிங்கென் (1521–1573). சீனப் போர்நூல் ஆசிரியர் சுன் சூவிடமிருந்து எடுத்த காற்று, காடு, நெருப்பு, மலை என்ற நான்கு உவமைகளைத் தன் போர்க்கொடியில் பொறித்தவர். கிளப்பின் பெயரில் உள்ள இரண்டு பிரெஞ்சுச் சொற்கள், காற்றும் காடும், அந்தக் கொடியிலிருந்து வந்தவை. ஷிங்கெனின் பரம எதிரி, வடக்கே இன்றைய நீகாத்தா பகுதியை ஆண்ட உவேசுகி கென்ஷின். இருவரும் 1553 முதல் 1564 வரை கவநாகஜிமா என்ற இடத்தில் ஐந்து முறை மோதினார்கள். இன்று கோஃபுவும் அல்பிரெக்ஸ் நீகாத்தாவும் ஆடும்போது ரசிகர்கள் அதைக் கவநாகஜிமாப் போர் என்றே அழைக்கிறார்கள்.

கொடியும் போரும் ரசிகர்களின் பாட்டுக்கு உதவும்; கிளப்பின் பிழைப்பை விளக்க உதவாது. அதற்கு இந்த மாகாணத்தின் பணம் எங்கே போனது என்று பார்க்க வேண்டும். 1903இல் ரயில் கோஃபுவை எட்டியது. இன்று விரைவு ரயிலில் ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் டோக்கியோவின் ஷிஞ்ஜுகு. அந்தத் தூரம் எப்போதும் வெளியே இழுக்கும் தூரமாகவே இருந்திருக்கிறது. மெய்ஜி காலத்திலேயே இப்பகுதி வணிகர்கள் டோக்கியோவில் போய்த் தொழில் தொடங்கினார்கள். தோபு ரயில்வேயைக் கட்டி வளர்த்த நெஸு கைச்சிரோ இங்கே பிறந்தவர். ஹான்க்யூ ரயில்வேயை நிறுவிய கோபயாஷி இச்சிஸோ 1873இல் இம்மாகாணத்தின் நிராசாகியில் பிறந்தவர்.

கோபயாஷியின் கதையை இங்கே ஒரு நிமிடம் நிறுத்திப் பார்க்கலாம். ரயில் பாதை போடுவது, பாதை ஓரத்தில் வீடுகள் கட்டி விற்பது, கடைசி நிலையத்தில் நாடக அரங்கும் பல்பொருள் அங்காடியும் அமைத்து மக்களைப் பயணம் செய்ய வைப்பது என்ற முறையை ஜப்பானுக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர். 1936இல் அவருடைய நிறுவனம் ஒரு தொழில்முறை பேஸ்பால் அணியையும் தொடங்கியது. பெருநிறுவனம் அணியை வளர்க்கும், அணி நிறுவனத்தின் பெயரைப் பரப்பும் என்ற ஜப்பானிய விளையாட்டுப் பொருளாதாரத்தின் அடிப்படைக்கு அவர் ஒரு முன்னோடி. அதை அவர் செய்தது ஓசாகாவைச் சுற்றி. பிறந்த மாகாணத்தில் அப்படி ஒரு நிறுவனமும் எழவில்லை, அப்படி ஓர் அணியும் எழவில்லை. பணமும் ஆளும் வெளியே போன ஊரில் விளையாட்டு வேறு வழியைத் தேட வேண்டியிருந்தது.

பள்ளியிலிருந்து வந்த அணி

வான்ஃபோரேயின் வேர், கோஃபு முதலாம் உயர்நிலைப் பள்ளியின் பழைய மாணவர்கள் ஆடிவந்த காகுஜோ கிளப். 1965இல் பிற பள்ளிகளின் பழைய மாணவர்களையும் சேர்த்துக்கொண்டு அது கோஃபு கிளப் ஆனது.

அதே 1965இல்தான் ஜப்பான் கால்பந்து லீக் தொடங்கியது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். முந்தைய ஆண்டின் டோக்கியோ ஒலிம்பிக் தந்த வேகத்தில் பிறந்த அந்த லீகின் முதல் எட்டு அணிகளும் நிறுவன அணிகள்: மிட்சுபிஷி கனரகத் தொழில், ஃபுருகாவா மின்சாரம், ஹிட்டாச்சி, யவாட்டா எஃகு, பின்னாளில் மாஸ்டா என்று பெயர் மாறிய தோயோ கோக்யோ, யன்மார் டீசல், டொயோடா தறி ஆலை, நகோயா சோகோ வங்கி. ஆட்டக்காரர்கள் அந்தந்த நிறுவனத்தின் ஊழியர்கள். சம்பளம் நிறுவனம் தரும், மைதானம் நிறுவனம் தரும், கைதட்டவும் சக ஊழியர்களே வருவார்கள்.

1972இல் இரண்டாம் பிரிவு தொடங்கப்பட்டபோது கோஃபு கிளப் அதில் இடம்பெற்றது. பெயருக்கு முன்னால் போட்டுக்கொள்ள அதற்கு நிறுவனம் எதுவும் இல்லை. இருபது ஆண்டுகள் அங்கேயே ஆடியது. ஒருமுறைகூட முதல் பிரிவுக்கு ஏறவில்லை. தோற்றுக்கொண்டிருந்த காலம் என்று அதை ஒதுக்கிவிட முடியாது. எத்தனையோ நிறுவன அணிகள் முதலாளியின் மனம் மாறியதும் கலைந்துபோன காலத்தில், யாருக்கும் சொந்தமில்லாத இந்த அணி கலையாமல் இருந்தது.

யமனாஷியில் ஆட்டத்திறனுக்குப் பஞ்சம் இருந்ததில்லை. நிராசாகி உயர்நிலைப் பள்ளி தேசிய அளவில் பெயர்பெற்றது. கோஃபுவில் 1977இல் பிறந்து நிராசாகியில் படித்த நகாட்டா ஹிதெதோஷி 1995இல் தொழில்முறை ஆட்டக்காரரானபோது சேர்ந்தது பெல்மாரே ஹிராட்சுகாவில். அங்கிருந்து 1998இல் இத்தாலியின் பெருஜியா. ஆசியாவின் மிகப் பெரிய நட்சத்திரமாக உயர்ந்தவர் தன் ஊர்க் கிளப்புக்கு ஒரு தொழில்முறை ஆட்டம்கூட ஆடவில்லை. கோபயாஷிக்கு நேர்ந்ததே கால்பந்திலும் நேர்ந்தது.

விதி மாறியது, வரவு மாறவில்லை

1993 மே 15 அன்று பத்து கிளப்புகளோடு ஜே லீக் தொடங்கியது. அதன் முதல் தலைவர் கவாபுச்சி சபுரோ 1964 ஒலிம்பிக்கில் ஆடியவர். அவர் பிடிவாதமாக வைத்த விதி ஒன்று உண்டு: கிளப்பின் பெயரில் நிறுவனப் பெயர் வரக் கூடாது, ஊர்ப் பெயர் வர வேண்டும். யோமியுரி பத்திரிகைக் குழுமம் இதை எதிர்த்துப் பல ஆண்டுகள் மல்லுக்கட்டியது. கடைசியில் விதியே நின்றது.

பெயர்ப்பலகை மாறியதே தவிர, பின்னால் இருந்த பணப்பை மாறவில்லை. நகோயாவுக்குப் பின்னால் டொயோட்டா, யோகோஹாமாவுக்குப் பின்னால் நிஸான், உராவாவுக்குப் பின்னால் மிட்சுபிஷி, காம்பா ஓசாகாவுக்குப் பின்னால் மட்சுஷிதா மின்னியல் என்பதுதான் நிலை. இதற்கு வரிச்சட்டமும் துணை. பேஸ்பால் அணியின் நஷ்டத்தைத் தாய் நிறுவனம் ஈடுகட்டினால் அதை விளம்பரச் செலவாகக் கணக்கில் காட்டலாம் என்று ஜப்பானிய வரித்துறை 1954லேயே அனுமதித்தது. ஜே லீக் கிளப்புகளுக்கும் அதே முறை பொருந்தும் என்பது 2020இல் தெளிவாக்கப்பட்டது. ஈடுகட்டத் தாய் நிறுவனமே இல்லாத கிளப்புக்கு இந்தச் சலுகை எட்டாக் கனி.

தாய் நிறுவனம் இருப்பதும் காப்பாகிவிடாது என்பதை 1998 காட்டியது. யோகோஹாமா ஃபிளூகல்ஸைத் தாங்கிய இரண்டு நிறுவனங்களில் ஒன்றான சாத்தோ கோக்யோ கட்டுமான நிறுவனம் விலகிக்கொள்ள, மற்றொன்றான ஆல் நிப்பான் விமான நிறுவனம் தனியாகச் சுமக்க முன்வரவில்லை. அந்த அக்டோபரில் ஃபிளூகல்ஸ் பக்கத்து மாரினோஸுடன் இணைக்கப்படும் என்று அறிவித்தார்கள். ஆட்டக்காரர்களையோ ரசிகர்களையோ யாரும் கேட்கவில்லை. 1999 ஜனவரி 1 அன்று தன் கடைசி ஆட்டத்தில் பேரரசர் கோப்பையை வென்றுவிட்டு ஃபிளூகல்ஸ் மறைந்தது.

அதே 1999இல் இரண்டாம் அடுக்கான ஜே2 பத்து அணிகளோடு தொடங்கியது. அவற்றுள் ஒன்று, 1995இல் பெயர் மாற்றிக்கொண்டு 1997இல் பங்கு நிறுவனமாகப் பதிவான வான்ஃபோரே கோஃபு. யமனாஷி மாகாண அரசு, கோஃபு நகராட்சி, நிராசாகி நகராட்சி, 1872இல் தொடங்கிய உள்ளூர் நாளிதழான யமனாஷி நிச்சிநிச்சியின் குழுமம் ஆகியவை முக்கியப் பங்குதாரர்கள். மக்கள் வரிப்பணமும் ஒரு பத்திரிகையின் பணமும்தான் முதல்.

ஆட்டம் மோசமாக இருந்தது. 1999, 2000, 2001 என்று மூன்று ஆண்டுகளும் கடைசி இடம். 2000இல் தொடர்ந்து 19 தோல்விகள். அந்த ஆண்டின் பார்வையாளர் சராசரி 2,000ஐக்கூட எட்டவில்லை. கடன் ஏறியது. ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் கொடுக்க இன்று கடன் வாங்கினால் அதை நாளை யார் அடைப்பது என்ற கேள்விக்குப் பங்குதாரர்களிடம் பதில் இல்லை. வரிப்பணம் போட்ட அரசு, ‘யாருக்காக இது?’ என்று கேட்டதைக் குறைசொல்லவும் முடியாது.

மூன்று நிபந்தனைகள்

அந்தக் கேள்விக்கான பதிலைத்தான் மூன்று எண்களாக எழுதினார்கள். பார்க்க வருவோர், சேர்ந்து நிற்போர், பணம் தருவோர். பின்னோக்கிப் பார்க்கையில் இந்த நிபந்தனைகளின் நுட்பம் புரிகிறது. லீகில் இந்த இடத்தைப் பிடி என்று யாரும் சொல்லவில்லை. அந்த ஆண்டும் கோஃபு கடைசி இடத்தில்தான் முடித்தது. நிபந்தனைகள் மைதானத்துக்குள் நடப்பதைத் தொடவே இல்லை. ஊருக்கு இந்தக் கிளப் வேண்டுமா என்பதை மட்டும் அளந்தன. தோற்கும் அணியைக்கூட வேண்டும் என்று சொல்பவர்கள் இருந்தால் அது வாழலாம்.

இன்னொன்று. ஃபிளூகல்ஸ் ரசிகர்களிடம் முடிவைச் சொன்னார்கள். கோஃபு ரசிகர்களிடம் இலக்கைச் சொன்னார்கள். முதலாவதில் அழலாம், கையெழுத்து வாங்கலாம், அவ்வளவுதான். இரண்டாவதில் ஒவ்வொருவரும் செய்ய ஏதோ இருந்தது. ஒரு சீட்டு வாங்கினால் எண் ஒன்று கூடும். பக்கத்து வீட்டுக்காரரை உறுப்பினராக்கினால் இன்னொன்று கூடும். பாசத்தை எண்ணக்கூடியதாக மாற்றியதே இந்த நிபந்தனைகள் செய்த உபகாரம்.

பொறுப்பேற்க வந்தவர் உமினோ கஸுயுகி. அனுப்பியது யமனாஷி நிச்சிநிச்சி குழுமம். அவர் விளம்பரத் தொழிலில் இருந்தவர். கால்பந்து அவருக்குத் தொழில் அல்ல. கிளப்பை மூடும் வேலைக்குத்தான் ஆள் வந்திருக்கிறது என்று பலர் நினைத்திருக்கக் கூடும். வந்தவர் கடைகடையாக ஏறி இறங்கினார்.

ஸ்ட்ரெச்சரிலும் விளம்பரம்

உமினோவின் முறையை ஒரே வரியில் சொல்லலாம்: பெரிய தொகையை ஒருவரிடம் கேட்காதே, சிறிய தொகையைப் பலரிடம் கேள். கோசே விளையாட்டுப் பூங்காவில் உள்ள ஸ்டேடியம் 1986ஆம் ஆண்டின் தேசிய விளையாட்டு விழாவுக்காகக் கட்டப்பட்டது. கால்பந்துத் திடலைச் சுற்றி ஓட்டப்பந்தயப் பாதை இருக்கிறது. பார்வையாளருக்கு அது தொல்லை, ஆட்டம் தூரத்தில் தெரியும். விளம்பரம் விற்பவருக்கோ அந்த இடைவெளி வரம். பலகைகளை ஒரு வரிசைக்குப் பின் இன்னொரு வரிசையாக அடுக்கலாம். அடுக்கினார்கள். அடிபட்ட ஆட்டக்காரரைத் தூக்கிச் செல்லும் ஸ்ட்ரெச்சரில்கூட விளம்பரம் ஏறியது. அது வெளியே வரும் சில நொடிகள் அரங்கமே அதைத்தான் பார்க்கும் என்பது கணக்கு.

பணம் தர முடியாதவர்களிடம் பொருளும் வேலையும் வாங்கினார்கள். சலவைக்காரர் சீருடைகளைத் துவைத்துக் கொடுத்தால் அவர் பெயரில் ஒரு பலகை. விவசாயிகளிடமிருந்து அரிசியும் காய்கறியும் வந்தன. வெந்நீர் ஊற்றுக் குளியலகம் வைத்திருப்பவர் பயிற்சி முடிந்த ஆட்டக்காரர்களைக் குளிக்க அனுமதித்தார். சொந்தப் பயிற்சித் திடல் இல்லாத கிளப், நகராட்சிகளின் பொது மைதானங்களில் மாறிமாறிப் பயிற்சி செய்தது. பணக்காரக் கிளப் காசு கொடுத்து வாங்கும் ஒவ்வொன்றையும் இவர்கள் உறவு கொடுத்து வாங்கினார்கள். சட்டையின் மார்பில் இடம்பிடித்தது ஹகுபாகு என்ற உள்ளூர் நிறுவனம். அதன் தொழில் பார்லி அரைப்பது.

ஆண்டு முடிவில் பார்வையாளர் சராசரி 3,130. மற்ற இரண்டு எண்களும் தாண்டியாயிற்று. அணி கடைசி இடம். கிளப் பிழைத்தது.

இந்த முறை இங்கே ஏன் பலித்தது? உமினோவின் உழைப்பு ஒரு காரணம். உள்ளூர்ப் பத்திரிகையின் பழக்கம் இன்னொரு காரணம் என்று நினைக்கிறேன். சின்னச் சின்ன விளம்பரங்களை நூற்றுக்கணக்கில் திரட்டித்தான் ஒரு மாகாண நாளிதழ் நடக்கிறது. கிளப்பை நடத்தவும் அதே கைப்பழக்கம் உதவியது.

மூன்றாவது காரணம் இன்னும் பழையது. யமனாஷியில் முஜின் என்று ஒரு வழக்கம் உண்டு. பத்துப் பதினைந்து பேர் மாதாமாதம் கூடுவார்கள், ஆளுக்கு ஒரு தொகை போடுவார்கள், திரண்டதை முறைவைத்து ஒருவர் எடுத்துக்கொள்வார். நம்மூர்ச் சீட்டுதான். வங்கிகள் வந்தபின் ஜப்பானின் பெரும்பகுதியில் இது மறைந்துவிட்டது. யமனாஷியில் இன்னும் நடக்கிறது. பணத்தைவிடச் சேர்ந்து சாப்பிடுவதும் பேசுவதும் முக்கியமாகிவிட்டன. கோஃபு உணவகங்களில் முஜின் கூட்டத்துக்கென்று தனிச் சலுகைகளே உண்டு. சிறு தொகையைத் தவறாமல் போடுவது, முகம் தெரிந்தவர்களை நம்பிப் போடுவது, லாபத்துக்காக மட்டும் போடாமல் இருப்பது என்ற ஒழுக்கம் அந்த மண்ணில் ஏற்கெனவே இருந்தது. கிளப் அதைத் தெரிந்து பயன்படுத்தியது என்று நான் சொல்லவில்லை. பழகிய பாதையில் நடப்பது மக்களுக்குச் சுலபமாக இருந்தது என்று மட்டும் சொல்கிறேன்.

2004இல் ஸ்டேடியத்தில் காகிதக் குவளைகளுக்குப் பதிலாகக் கழுவித் திரும்பப் பயன்படுத்தும் குவளைகளைக் கொண்டுவந்ததும் இதே வழியில்தான். குவளைகளைத் தந்தது அதே மாகாணத்தில் பெண்கள் தொடங்கிய ஸ்பேஸ் ஃபூ என்ற தொண்டு நிறுவனம். சுற்றுச்சூழல் பற்றிய முழக்கங்கள் வணிக உத்தியாக மாறுவதற்கு முன்பே, பக்கத்து ஊர்ப் பெண்களின் முயற்சிக்கு ஒரு கால்பந்துக் கிளப் இடம் கொடுத்தது.

ஒரே ஆட்டத்தில் ஆறு கோல்

கிளப் நிலைத்ததும் ஆட்டமும் மெல்லத் திரும்பியது. 2002இல் பயிற்சியாளராக வந்த ஓகி தகேஷி, நெருங்கி நின்று குறுகிய தூரப் பாஸ்களால் முன்னேறும் ஓர் ஆட்டமுறையைக் கொண்டுவந்தார். பின்னாளில் ஜப்பானிய தேசிய அணியின் உதவிப் பயிற்சியாளராக 2010 உலகக் கோப்பை வரை பணியாற்றியவர் இவர். 2003இல் கோஃபு 5ஆம் இடம். இடையில் வெளியேறியிருந்த ஓகி 2005இல் திரும்பி வந்தார்.

2005இல் நேரடியாக மேலே ஏறும் இரண்டு இடங்களையும் கியோட்டோவும் ஃபுகுவோகாவும் பிடித்துக்கொண்டன. கடைசி நாளில் செண்டாயை முந்தி மூன்றாம் இடத்தைப் பிடித்த கோஃபு, முதல் அடுக்கில் கீழே இருந்த கஷிவா ரெய்சோலுடன் இரண்டு ஆட்டங்கள் மோத வேண்டியிருந்தது. கஷிவாவுக்குப் பின்னால் இருப்பது ஹிட்டாச்சி. 1965 லீகின் எட்டில் ஒன்று. கோசேயில் நடந்த முதல் ஆட்டத்தின் நடுவில் விளக்குகள் அணைந்து ஆட்டம் தடைப்பட்டது. 2–1 என்று கோஃபு வென்றது. மூன்று நாள் கழித்துக் கஷிவாவில் 6–2. ஆறு கோல்களையும் அடித்தவர் பிரேசில்காரர் பாரே ஒருவரே. ஐந்தாண்டுக்கு முன் மூடப்படவிருந்த கிளப் முதல் அடுக்குக்குப் போனது. 2006இல் பார்வையாளர் சராசரி 12,000ஐத் தாண்டியது.

அதற்குப் பின் கோஃபுவின் வரைபடம் ஏறியும் இறங்கியும் ஓடுகிறது. 2007இல் இறக்கம். 2010இல் மைக் ஹவேனாரின் கோல்களால் மீண்டும் ஏற்றம், 2011இல் இறக்கம். 2012இல் தொடர்ந்து 24 ஆட்டங்களில் தோல்வியே இல்லாமல் ஜே2 பட்டத்தோடு ஏற்றம். 2013 முதல் 2017 வரை ஐந்து ஆண்டுகள் முதல் அடுக்கில் நின்றது. சம்பளப் பட்டியலை வைத்துப் பார்த்தால் நிற்கவே கூடாத இடம் அது. 2018 முதல் இரண்டாம் அடுக்கு.

கோப்பையும் ஆசியாவும்

2022இன் பேரரசர் கோப்பைப் பயணத்தில் கோஃபு வீழ்த்திய அணிகளின் பட்டியலே போதும்: சப்போரோ, தோசு, ஃபுகுவோகா, கஷிமா. நான்கும் முதல் அடுக்கு அணிகள். லீகிலோ அப்போது தொடர்ந்து ஏழு தோல்விகள். கத்தார் உலகக் கோப்பையால் அந்த ஆண்டு இறுதியாட்டம் அக்டோபர் 16 அன்றே யோகோஹாமாவில் நடந்தது. எதிரணி சான்ஃப்ரெச்சே ஹிரோஷிமா. 1965இன் தோயோ கோக்யோதான் பெயர் மாறி வந்திருந்தது. ஹிரோஷிமாவின் தலைவர் சசாக்கி ஷோ, 2012 முதல் 2014 வரை கோஃபுவில் ஆடி வளர்ந்தவர்.

26ஆம் நிமிடத்தில் மிட்சுஹிரா கஸுஷி கோஃபுவுக்காகக் கோல் போட்டார். 84ஆம் நிமிடத்தில் கவாமுரா தகுமு சமன் செய்தார். கூடுதல் நேரத்தில் மாற்று ஆட்டக்காரராக இறங்கினார் யமமோட்டோ ஹிதேயோமி. வயது 42. 2003 முதல் இதே கிளப். இறங்கிய சற்று நேரத்தில் பந்து அவர் கையில் பட்டு ஹிரோஷிமாவுக்குப் பெனால்டி கிடைத்தது. கோல்காப்பாளர் கவாட்டா கோஹெய் அதைத் தடுத்தார். பெனால்டிச் சுற்றிலும் ஹிரோஷிமாவின் நான்காவது உதையை அவரே தடுத்தார். கோஃபுவின் ஐந்தாவது உதைக்கு வந்தவர் யமமோட்டோ. பந்து உள்ளே போனது. 5–4.

பரிசு 15 கோடி யென். 2001இல் கிளப்பின் உயிரைத் தீர்மானித்த விளம்பர இலக்கைப் போல மூன்று மடங்கு. கோப்பையோடு ஆசிய சாம்பியன்ஸ் லீகில் ஆடும் உரிமையும் வந்தது. ஆனால் கோசே ஸ்டேடியம் ஆசியக் கூட்டமைப்பின் தகுதி விதிகளை நிறைவு செய்யவில்லை. ஆகவே 2023–24 பருவத்தில் கோஃபு தன் ‘சொந்த மைதான’ ஆட்டங்களை நூறு கிலோமீட்டருக்கு அப்பால் டோக்கியோ தேசிய ஸ்டேடியத்தில் ஆடியது. வார நாள் மாலை, வேற்றூர், இரண்டாம் அடுக்கு அணி. காலி இருக்கைகளைத்தான் எதிர்பார்க்க முடியும். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் 11,000க்கு மேற்பட்டோர் வந்தார்கள். வந்தவர்களில் பலர் வேறு கிளப்புகளின் ரசிகர்கள். தங்கள் கிளப்பின் சட்டையைப் போட்டுக்கொண்டே வந்து கோஃபுவுக்காகக் கத்தினார்கள். ஒருநாள் தங்கள் ஊர்க் கிளப்புக்கும் இந்த இடம் வாய்க்கலாம் என்ற எண்ணம் அவர்களை அழைத்து வந்தது என்று கொள்வதில் தவறில்லை.

மெல்போர்ன் சிட்டி, செஜியாங், புரிராம் யுனைடெட் இருந்த பிரிவில் 11 புள்ளிகளோடு கோஃபு முதலிடம். அடுத்த சுற்றில் தென்கொரியாவின் உல்சானிடம் தோற்றது. ஜே2 அணி ஒன்று அந்தச் சுற்று வரை போனது அதுவே முதல் முறை.

சிறியதன் எல்லை

இந்தக் கதையை இங்கேயே நிறுத்தினால் புகழ்ச்சியாகிவிடும். கோஃபுவின் வழிக்கு மூன்று எல்லைகள் தெளிவாகத் தெரிகின்றன.

முதலாவது, பலரிடமிருந்து வரும் சிறு தொகை உயிரைக் காக்கும், உயரத்துக்குத் தூக்காது. ஒரு கடை போனால் கிளப் சாயாது என்பது இதன் பலம். எல்லாக் கடைகளும் சேர்ந்தாலும் ஒரு டொயோட்டா ஆகாது என்பது பலவீனம். எட்டு லட்சம் பேர் கொண்ட, மூப்பேறிவரும் ஒரு மாகாணத்தில் தட்டக்கூடிய கதவுகளின் எண்ணிக்கைக்கு ஓர் உச்சம் உண்டு.

இரண்டாவது, ஆட்டக்காரர்கள். கானகாவா பல்கலைக்கழகத்திலிருந்து 2015இல் கோஃபுவுக்கு வந்த இத்தோ ஜுன்யா ஓராண்டில் கஷிவாவுக்குப் போய், பிறகு பெல்ஜியம், பிரான்சு என்று உயர்ந்து தேசிய அணியின் வலது விளிம்பைப் பிடித்தார். சசாக்கி ஷோவும் பல்கலைக்கழகத்திலிருந்து வந்து, வளர்ந்து, வெளியேறினார். பெரிய கிளப்புகள் தவறவிட்டவர்களைக் கண்டுபிடிக்கும் கண் கோஃபுவுக்கு உண்டு. பிடித்து வைத்துக்கொள்ளும் கை இல்லை. கோப்பையை வென்ற பயிற்சியாளர் யோஷிதா தட்சுமாகூட அந்தப் பருவத்தோடு விலக வேண்டியிருந்தது. லீக் முடிவுகள் அவரைக் காப்பாற்றவில்லை.

மூன்றாவது, ஸ்டேடியம். விளம்பரப் பலகைகளுக்கு இடம் கொடுத்த ஓட்டப்பாதையே இன்று தடை. கால்பந்துக்கென்று தனி ஸ்டேடியம் வேண்டும் என்ற பேச்சு பல ஆண்டுகளாக நடக்கிறது. அதன் செலவைச் சுமக்கக்கூடியது அரசு மட்டுமே. அந்த இடத்தில், ‘யாருக்காக இது?’ என்ற 2000ஆம் ஆண்டின் கேள்வி திரும்பவும் எழும். சலவைக்காரரும் விவசாயியும் சேர்ந்து ஓர் அணியைக் காப்பாற்றலாம். ஸ்டேடியம் கட்ட முடியாது.

இவ்வளவையும் எடைபோட்ட பிறகும் கோஃபு காட்டிய பாடம் நிற்கிறது. 2013 பருவத்திலிருந்து ஜே லீக் உரிம முறையைக் கொண்டுவந்தது. தொடர்ந்து மூன்று ஆண்டுகள் நஷ்டம் காட்டும் கிளப்போ, சொத்தைவிடக் கடன் மிஞ்சிய கிளப்போ உரிமம் இழக்கும் என்பது அதன் அடிப்படை விதிகளில் ஒன்றாக இருந்தது. வரவுக்குள் செலவு என்ற அந்த ஒழுங்கை கோஃபு பத்தாண்டுக்கு முன்பே தன் உயிரைப் பணயம் வைத்துக் கற்றிருந்தது. பத்துக் கிளப்புகளோடு தொடங்கிய ஜே லீக் இன்று மூன்று அடுக்குகளில் 60 கிளப்புகளாகப் பரந்திருக்கிறது. அவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பின்னால் டொயோட்டாவோ நிஸானோ கிடையாது. அவற்றின் நிர்வாகிகள் பார்க்க வேண்டிய முன்மாதிரி நகோயாவோ யோகோஹாமாவோ அல்ல, கோஃபுதான்.

2022இன் கோப்பையை இன்னொரு கிளப்பும் வெல்லக்கூடும். ஒரு நல்ல கோல்காப்பாளரும் ஒரு நல்ல மாலையும் போதும். 2001இன் மூன்று எண்களைக் கடைசி இடத்தில் இருந்துகொண்டே எட்டுவதற்கு ஓர் ஊர் வேண்டும். வான்ஃபோரே கோஃபுவின் முதன்மையான சாதனை எது என்று கேட்டால், 3,130 என்பதே என் பதில்.